பௌர்ணமிக்குக் கடல் ஏறும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் சித்தப்பா மேசைமேல் செய்தித்தாள்களை விரிக்கும் சத்தம்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வரும். வாரம் முழுவதும் சேர்த்து வைத்த தாள்கள். மின்விசிறிக் காற்றில் பறக்காமலிருக்க ஒரு மூலையில் கட்டிங் பிளேயர், இன்னொரு மூலையில் பழுதான ரிமோட், மற்ற இரண்டிலும் கேபிள் சுருள். பேச வேண்டிய வரிகளுக்குக் கீழே சிவப்புப் பென்சில் கோடு போட்டிருப்பார். கோட்டின் ஓரத்தில் அரசியல் என்றால் ஒரு புள்ளி, அறிவியல் என்றால் இரண்டு, பத்திரிகைக்காரர்களையே கிண்டல் செய்ய வேண்டிய இடம் என்றால் மூன்று. புள்ளி வைக்கும் வழக்கத்தை ஏற்படுத்தியவள் நான். எதையும் வகை பிரித்து வைக்காவிட்டால் எனக்கு வேலை ஓடாது.

சித்தப்பா அச்சரப்பாக்கத்து நெல் வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர். தொண்ணூறுகளின் நடுவில் மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடற்கரைச் சாலையோரம் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து கேபிள் டிவி நடத்த வந்தார். சாலைக்குக் கிழக்கே இருந்த மீனவர் குப்பங்களுக்கும் மேற்கே இருந்த தெருக்களுக்கும் அவருடைய இணைப்புதான். உள்ளூர்ச் சேனலில் எந்நேரமும் படம் ஓட்டிச் சலித்துப்போய், ஞாயிறு காலைப் பலகாரம் சாப்பிடும் நேரத்தில் தானே கேமரா முன் உட்கார்ந்து அந்த வாரச் செய்திகளை அலசத் தொடங்கினார். மேலே இஸ்திரி போட்ட சட்டை, மேசைக்குக் கீழே லுங்கி. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் முடித்திருந்த நான், செங்கல்பட்டில் மீட்டர் சோதிக்கும் வேலையில் இருந்துகொண்டே, சனிக்கிழமை மாலை பஸ் பிடித்துப் போய் அவருக்குக் கேமராவும் ஒளிபரப்புக் கருவியும் பார்த்துக்கொண்டேன்.

அமைச்சர் பதவி பறிபோனதையும், கட்சி மாறியவர் பழைய கட்சியைத் திட்டியதையும் அவர் பெரும்பாலும் சிரித்தபடியே சொல்லி முடித்துவிடுவார். அவருக்கு ருசித்தது பயம் கலந்த செய்திகள்தான். பிள்ளையார் பால் குடித்தது, புத்தாயிரம் பிறந்ததும் கணினிகள் எல்லாம் நின்றுபோகும் என்ற பேச்சு, கிரகணத்தில் சாப்பிடக் கூடாது என்பது. ஒரு கிரகணத்தின்போது கேமரா முன் உட்கார்ந்து ஒரு தட்டுப் புளிசாதத்தைச் சாப்பிட்டே காட்டினார். காரணம் தெரிந்துவிட்டால் பயம் போய்விடும் என்பார். அதை அவர் நிஜமாகவே நம்பினார், நானும் நம்பினேன்.

நிகழ்ச்சியின் நடுவில் யார் வேண்டுமானாலும் போன் செய்யலாம். ஸ்பீக்கரில் போட்டு எல்லோருக்கும் கேட்கும்படி பேசுவார். அருகிலிருந்த குப்பத்திலிருந்து ஒரு பெண் தவறாமல் அழைப்பார். பேர் கேட்டால் சொல்ல மாட்டார். "இன்னா அண்ணாத்த, சட்ட புதுசா கீது? நிலாவுக்கு எவன் போனான்னு சொல்ற, எங்க தெருவுல கரண்டு எப்ப வரும்னு சொல்ல மாட்டேன்றியே" என்று ஆரம்பிப்பார். சித்தப்பா பதிலுக்கு அவர் விற்கும் மீனின் விலையைக் கிண்டல் செய்வார். செய்தியைவிட இந்தச் சண்டைக்காகவே டிவி போட்டவர்கள் அதிகம். அந்தக் குரலை வைத்து ஐம்பது வயதுக்காரி என்று முடிவு செய்திருந்தார் சித்தப்பா.

2004 டிசம்பரில் அந்த ஞாயிறு வந்தது. விடிந்த சற்று நேரத்தில் அலமாரியில் இருந்த பாத்திரங்கள் லேசாக ஆடின. லாரி போகிறது என்று நினைத்தேன். பிறகு டிவியில் சுமத்ரா பக்கம் பெரிய நிலநடுக்கம் என்று எழுத்து ஓடியது. சித்தப்பா அதை ஒரு தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டார். நான் இரண்டு புள்ளி வைத்தேன். நிகழ்ச்சியில் இரண்டு செய்தித்தாள்களை ஒன்றோடொன்று உரசவிட்டு, பூமியின் அடியில் பாறைத் தட்டுகள் எப்படி நகர்கின்றன என்று அழகாக விளக்கினார். கடலுக்கு அந்தாண்டை நடந்த சமாச்சாரம், நமக்குப் பாத்திரம் ஆடியதோடு சரி என்று முடித்தார்.

அப்போது போன் வந்தது. அதே பெண். அன்று சட்டையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"அண்ணாத்த, தண்ணி ஏறி வருது. வல வெச்ச எடத்தாண்ட வந்துட்ச்சி. எப்பவும் இப்டி வராது."

சித்தப்பா கேமராவைப் பார்த்துச் சிரித்தார். "இன்னிக்கு பௌர்ணமிம்மா. பௌர்ணமிக்குக் கடல் ஏறும், நிலா இழுக்குது இல்ல? அதுவே எறங்கிடும். வூட்டுக்குள்ள வந்தா ஒரு டீ போட்டுக் குடு."

அந்தப் பெண் மேற்கொண்டு ஏதோ சொல்ல வந்தார். பிறகு இரைச்சல் மட்டும் கேட்டது. லைன் போய்விட்டது என்று சித்தப்பா அடுத்த செய்திக்குப் போனார். அதை முடிப்பதற்குள் மின்சாரம் நின்றது. வழக்கமான மின்வெட்டு என்று நினைத்து நான் கருவிகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருந்தபோது, சாலையைத் தாண்டி மேற்கே ஓடிவரும் ஆட்களின் கூச்சல் கேட்டது. எல்லோரும் நனைந்திருந்தார்கள். தண்ணீர் சாலைக்கு இப்பால் வரவில்லை. சாலைக்குக் கிழக்கே இருந்த சவுக்குத் தோப்போடு நின்றுவிட்டது. தோப்புக்கு அந்தப் பக்கம் இருந்ததைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் எழுதப் போவதில்லை.

அன்று சித்தப்பா சொன்னவற்றைப் பிற்பாடு பலமுறை வரிசையாக எழுதிப் பார்த்திருக்கிறேன். நிலநடுக்கம் உண்மை. தட்டுகள் நகர்வது உண்மை. அன்று பௌர்ணமி என்பது சுவரில் தொங்கிய நாட்காட்டியிலேயே இருந்தது. பௌர்ணமியில் கடல் ஏறும் என்பதும் பாடப்புத்தகத்தில் உள்ளதுதான். ஒவ்வொரு வரியாகப் பார்த்தால் தவறு எங்கும் கிடைக்காது. எப்பவும் இப்படி வராது என்று ஒருத்தி சொன்னதைக் கேட்டுக்கொள்வதற்கு முன்பே அவரிடம் காரணம் தயாராக இருந்தது, அவ்வளவுதான்.

மறுநாளிலிருந்து அவர் அந்தப் பெண்ணைத் தேடி முகாம் முகாமாகப் போனார். பள்ளிக்கூடங்கள், கல்யாண மண்டபங்கள், ஒரு மாதா கோயில் கூடம். நான் முகாம்களைப் பட்டியல் போட்டு, பார்த்து முடித்ததை அடித்துக்கொண்டே கூடப் போனேன். அவருக்கு அந்தப் பெண்ணின் பேரும் தெரியாது, முகமும் தெரியாது. குரல் மட்டும்தான் தெரியும். அதனால் வரிசையில் நிற்கும் பெண்களிடம் சாப்பாடு வந்ததா, பாய் கொடுத்தார்களா என்று கேட்டுவிட்டு, பதிலைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். அதிகாரி என்று நினைத்துக் குறை சொன்னார்கள். டிவிக்காரர் என்று அடையாளம் கண்டவர்கள், மறுபடியும் அலை வருமா என்று கேட்டார்கள். அப்போது மட்டும் அவர் என் கையிலிருந்த பட்டியலை வாங்கி, அடுத்த முகாம் எது என்று பார்ப்பார்.

திருக்கழுக்குன்றம் போகும் வழியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பழைய துணி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். "நான் இன்னா பட்டுப் பொடவையா கேட்டேன்? கிழியாதது ஒன்னு குட்றான்னா மூஞ்ச தூக்கறான்" என்று யாரோ சத்தம் போட, சித்தப்பா அப்படியே நின்றுவிட்டார். திரும்பிப் பார்த்தால் ஐம்பது வயதுக்காரி அல்ல, என்னைவிட நாலைந்து வயதே மூத்த பெண். அவருக்குச் சித்தப்பாவின் முகம் தெரியும்.

"அன்னிக்கு போன்ல... நீதானேம்மா?"

"நான் போன அப்டியே போட்டுட்டு ஓடியாந்துட்டேன் அண்ணாத்த. வூட்டுக்காரரு வரல. அதான் பௌர்ணமின்னு சொல்றாரு இல்ல, நீ இன்னாத்துக்கு பதர்றன்னு சிரிச்சிகினே டிவி முன்னால குந்திகினு இருந்தாரு."

குரலில் கோபம் இல்லை. எங்கே எது நடந்தது என்று தெரிவிப்பதுபோலச் சொன்னார். சித்தப்பா கையெடுத்துக் கும்பிடப் போனார். அந்தப் பெண் அதைப் பார்க்காததுபோலப் புடவையை மடித்துக்கொண்டு, "வெயில்ல நிக்காத, போ" என்றார்.

அந்த வாரமே இன்னோர் அலை வருவதாகச் சேதி பரவி, கரை முழுவதும் மேற்கே ஓடியது. சேதி காதில் விழுந்த நிமிடமே சித்தப்பா டிவிஎஸ் வண்டியை எடுத்துக்கொண்டு எதிர்த்திசையில் போய், வீட்டுக்கு வீடு கத்தி ஆட்களை வெளியே அனுப்பினார். அலை வரவில்லை. ஞாயிறு நிகழ்ச்சியை அவர் அதற்குப் பிறகு செய்யவே இல்லை. அந்த நேரத்தை ராசிக்கல் ஜோசியர் ஒருவர் எடுத்துக்கொண்டார்.

இப்போது கூரைக்குக் கூரை டிஷ் வந்து கேபிளும் பாதியாகிவிட்டது. செய்திக்கென்றே நாள் முழுக்க ஓடும் சேனல்கள் இருக்கின்றன. காற்றழுத்தத் தாழ்வு என்ற வார்த்தையைச் சிவப்பு எழுத்தில் அவை காட்டாத மழைக்காலம் இல்லை. காட்டியவுடன் சித்தப்பா மீதியைக் கேட்காமல் எழுந்து குப்பத்துக்குப் போய்விடுவார். "புயல் வருதோ இல்லியோ, கேபிள்காரரு வந்துடுவாரு" என்று வலை பின்னிக்கொண்டே சிரிப்பார்கள். யாரும் எழுந்திருப்பதில்லை. அந்தப் பெண் மட்டும் ஒவ்வொரு முறையும் வீட்டைப் பூட்டிக்கொண்டு, பையைத் தூக்கிக்கொண்டு, சாலைக்கு மேற்கே உள்ள பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடுவார்.

போன மழைக்காலத்தில் ஒருநாள் நானும் அங்கே இருந்தேன். நல்ல வெயில், காற்றே இல்லை. பள்ளிக்கூடப் படியில் அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து, பயமாக இருக்கிறதா என்று கேட்டேன்.

"பயமெல்லாம் இல்ல பாப்பா. இன்னிக்கு ஒன்னும் வராது" என்றார். கிழக்கே பார்த்தபடி மதில் ஓரம் நின்றிருந்த சித்தப்பாவின் முதுகைப் பார்த்தார். "அவரு சொல்லி ஒருத்தராவது கெளம்பணும் இல்ல?"

பொழுது சாயும்வரை நாங்கள் இருவரும் அந்தப் படியில் இருந்தோம். சித்தப்பா உட்காரவே இல்லை.