எருக்கஞ்செடியும் ஒரு கையெழுத்தும்

சரிபார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போட மாட்டார் ருக்மிணி மாமி. லோதி ரோட்டு அலுவலகத்தில் முப்பத்தொரு வருடமாக அவருடைய பெருமை அதுதான். ஒரு டஜன் பென்சில் வந்தால்கூட எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் பேனாவைத் திறப்பார்.

ஆபீஸ் இல்லாதபோது ஆளே வேறு. டெல்லி மழைக்கு மோதி பாக் குவார்ட்டர்ஸின் பின்பக்கம் இடுப்பளவு புல் மண்டிவிடும். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு செல்போனோடு உள்ளே இறங்கிவிடுவார். மாடி வீட்டு ஜன்னலிலிருந்து எனக்குக் கொண்டை மட்டும் தெரியும். வெட்டுக்கிளி, கும்பிடுபூச்சி, பொறிவண்டு எல்லாம் அவர் போனில் உண்டு. பட்டாம்பூச்சி கூட்டைப் பிளந்து வெளியே வரும் படம் மட்டும் இல்லை. மூன்று வருடமாக, இவர் போவதற்குள் அது போய்விடுகிறது.

இந்த ஆகஸ்டில் எருக்கஞ்செடியில் ஒரு வெந்தய வரியன் பட்டாம்பூச்சி. வரிவரியான புழுவாக இலையை மென்றுகொண்டிருந்த நாளிலிருந்தே மாமி பின்தொடர்ந்தார். சனிக்கிழமை காலை, பச்சைக் கூடு கண்ணாடி மாதிரியாகி உள்ளே ஆரஞ்சுச் சிறகு தெரிந்தது. இன்று வந்துவிடும்.

வந்தது தர்மன். தோளில் புல்வெட்டும் மெஷின். கள்ளக்குறிச்சிக்காரர், ஒப்பந்த வேலை.

"நில்லுங்கோ! வெட்டாதீங்கோ!"

"உங்க வூட்டு கம்ப்ளெயிண்டுதான் மேடம்," என்று ஒரு தாளை நீட்டினார். அடியில் கஸ்தூரிரங்கன் என்று கையெழுத்து. மாமா!

மாமி தன் வீட்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். "ஏன்னா, நீங்களா எழுதிக் குடுத்தேள்?"

"பாம்பு வந்துதேடி!"

"அது ரப்பர் டியூப்!"

"நெளிஞ்சுதே!"

"நீங்க மிதிச்சேள், நெளிஞ்சுது."

தர்மன் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "ஜல்தி சொல்லுங்க மேடம். வேலை முடிஞ்சுதுன்னு எனக்கு ஒரு சைன் ஆவணும், அவ்ளோதான். வெட்டுனேனா இல்லையான்னு எவன் வந்து பாக்கப் போறான்?"

மாமி தாளை இரண்டு முறை படித்தார். பணி திருப்திகரமாக முடிந்தது. புல்லைப் பார்த்தார். ஒரு நுனிகூட வெட்டுப்படவில்லை. எருக்கைப் பார்த்தார். கூடு லேசாக ஆடியது.

"பேனா இருக்கா?"

போட்டுவிட்டுத் திரும்பியபோது கூடு பிளந்து தலை எட்டிப் பார்த்தது. ஈரச் சிறகு விரியும்வரை தர்மனும் மூச்சுவிடாமல் பக்கத்தில் குந்தியிருந்தார்.

மெஷின் சத்தம் கேட்காததால் மாமா இறங்கி வந்தார். "புல் அப்படியே நிக்கறதே! யாரு சைன் போட்டா?"

"நான்தான்." மாமி போனை நீட்டினார். "நன்னா சரிபார்த்துட்டுத்தான் போட்டேன்."

படத்தைப் பார்க்கக் கண்ணாடி எடுத்துவர மாமா வீட்டுக்கு ஓடினார். புல்லில் கால் வைக்காமல், சுற்றிக்கொண்டு.