தீர்த்தம் தெளித்த மருந்து ட்ரோன்

எங்கள் ஊர் காரிமங்கலத்துக்குப் பக்கம். மாரியம்மன் கோயில் கமிட்டியில் இருக்கிறேன். கும்பாபிஷேகத்தன்று கூட்டத்தில் எல்லார் மேலும் தீர்த்தம் படவேண்டும் என்று, தக்காளித் தோட்டத்துக்கு மருந்தடிக்கும் ட்ரோனை வரவழைத்தேன்.

அதை ஓட்டும் பெண் முறையாகப் படித்து லைசென்ஸ் வாங்கியவர். கூட்டத்தைப் பார்த்ததும் தயங்கினார். "ஐயா, இது வயலுக்குத்தானுங்க. ஆளுங்க தலைக்கு மேல வுடக்கூடாதுன்னு ரூல்ஸ் இருக்குதுங்க. போலீஸ் பர்மிஷனும் இல்லீங்க."

"ஆத்தா காரியத்துக்கு ஆத்தாளே பர்மிஷன் குடுத்துட்டா. நீ ஓட்டும்மா" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் டேங்கை இரண்டு முறை கழுவித் தீர்த்தத்தை ஊற்றினார்.

ட்ரோன் கோபுரத்தைச் சுற்றி வந்தது. எல்லாரும் கைகூப்பி முகத்தை நிமிர்த்தினார்கள். கலசத்தைப் பார்த்தபடி கண்ணை மூடாமல் நின்ற என் மனைவி, "ஏங்க, கண்ணு எரியுதுங்க" என்று அலறினாள். ட்ரோன் குழாயில் தங்கியிருந்த பூச்சிமருந்தும் தீர்த்தத்தோடு வந்துவிட்டது.

இன்னும் பலருக்கும் எரிச்சல். அவர்களுக்குச் சரியாகிவிட்டது. தர்மபுரியிலும் சேலத்திலும் காட்டியும் என் மனைவிக்கு வலது கண்ணில் பார்வை திரும்பவில்லை. போலீஸார் அந்தப் பெண் மேல் வழக்குப் போட்டார்கள். அவர் மறுத்தும் நான்தான் கட்டாயப்படுத்தினேன் என்று எழுதிக் கொடுத்தேன். ஆத்தாளிடம் தினமும் மன்னிப்புக் கேட்கிறேன்.

இப்போது பக்கத்து ஊர்த் திருவிழாவில் ட்ரோன் என்று கேள்விப்பட்டால், நேரில் போய் அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்கிறேன். "வந்துட்டாருய்யா சட்டம் பேச" என்று கிண்டல் செய்கிறார்கள். கூட வரும் என் மனைவி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றுகிறாள். பிறகு யாரும் சிரிப்பதில்லை.