அத்தாவுல்லா தொழில் இல்லாதவர் ஆனது

தாம்பரம் ரயில் நிலையத்து மேம்பாலப் படிக்கட்டின் அடியில் பதினோரு வருடமாக உட்கார்ந்து பை தைத்தவர் அத்தாவுல்லா. அறுந்த கைப்பிடி, வாய் பிளந்த ஜிப், ஐ.டி. கம்பெனிக்குப் போகிற பிள்ளைகளின் லேப்டாப் பை, எது வந்தாலும் கையால் சுற்றும் ஒரு மிஷினில் முடித்துக் கொடுப்பார். மழை வந்தால் கடை இல்லை. போலீஸ் வண்டி வந்தாலும் இல்லை. ஊரப்பாக்கத்தில், வீட்டுப் பக்கமாக ஒரு கடை பிடித்து, பள்ளிக்கூடப் பைகள் தைத்து விற்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆசை என்பதுகூட அதிகம். கூரைக்குக் கீழே உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

2006-இல் அவருடைய மைத்துனன் சுஃபியான், அரசாங்கத்தின் சுயதொழில் கடனைப் பற்றிச் சொன்னான். மானியம் உண்டு. ஆனால் வேலை இல்லாதவர்கள் புதிதாகத் தொடங்கும் தொழிலுக்கு மட்டும்தான்.

"மச்சான், இப்ப இன்னா பண்றன்னு கேப்பாங்க. சும்மா கீறேன்னு சொல்லு. பை தைக்கிறேன்னு வாயத் தொறந்தா பேஜாராயிடும்."

"இத்தினி வருஷமா சும்மாவாடா கீறேன்?"

"நான் வேணா சாட்சி சொல்றேன், வூட்ல சும்மாதான் கீறாருன்னு" என்றாள் அவர் மனைவி குல்ஷன். மூவரும் சிரித்தார்கள்.

வேலை இல்லை என்று கையெழுத்துப் போட்டு விண்ணப்பம் கொடுத்தார். நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் ஹேமநாத் என்ற அதிகாரி. மேஜை மேல் அவருடைய கறுப்புப் பை. அதன் கைப்பிடியில் இருந்த குறுக்குத் தையல் அத்தாவுல்லா போட்டது.

"உங்கள எங்கயோ பாத்திருக்கேனே. தாம்பரம் ஸ்டேஷன்ல பை தைப்பீங்கல்ல?"

"இல்ல சார். வேற யாராவது இருக்கும்."

"இப்ப என்ன பண்றீங்க?"

"சும்மாதான் சார் இருக்கேன்."

ஹேமநாத் ஒரு கணம் பையைப் பார்த்தார். பிறகு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டு, கடன் தர வேண்டிய வங்கிக்கு அனுப்பினார். அது இரக்கமாக இருக்கலாம். சாப்பாட்டு நேரமாகவும் இருக்கலாம்.

அதற்குப் பிறகுதான் அத்தாவுல்லாவுக்குப் பயம் பிடித்தது. அந்த மனிதர் தினமும் அதே படிக்கட்டில்தான் இறங்குகிறார். வங்கியிலிருந்து தகவல் வரும்வரை அங்கே உட்காரக் கூடாது என்று மிஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். ஒரு வாரம் என்று நினைத்தது நாலு மாதம் ஆனது. குல்ஷன் அடுத்த தெரு அடுக்ககத்தில் சமையல் வேலைக்குப் போனாள். முதலில் அவர் வேலை இல்லாதவராக நடித்தார். காலையில் எழுந்து போவதற்கு இடமில்லாத ஒருவர் எத்தனை நாள்தான் நடிக்க முடியும்? யாராவது "இன்னா பாய் பண்றே?" என்று கேட்டால், யோசிக்காமலே "சும்மாதான்" என்று வந்தது.

ஒருவழியாக வங்கி கூப்பிட்டது.

"மாச வருமானம் எவ்வளவு?" என்றார் மேலாளர்.

"இல்ல சார்."

"வருமானமே இல்லன்னா எதை நம்பிக் கடன் தர்றது?"

அத்தாவுல்லாவுக்குப் பொறுக்கவில்லை. "பதினோரு வருஷமா தாம்பரத்துல பை தைக்கிறேன் சார். தாம்பரத்துல யாரை வேணா கேளுங்க."

மேலாளர் தாள்களைப் புரட்டினார். "வேலை இல்லைன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்களே. தொழில் இருந்தா இந்தத் திட்டம் உங்களுக்கு இல்ல. தொழில் இல்லன்னா கடனைக் கட்ட வழி இல்ல. எதுன்னு நீங்களே சொல்லுங்க."

விண்ணப்பம் திரும்பிப் போனது.

மறுநாள் காலை மிஷினைத் தோளில் தூக்கிக்கொண்டு தாம்பரத்தில் இறங்கினார். படிக்கட்டின் அடியில் ஒருவன் செல்போன் உறைகளைக் கொடிபோல் கட்டித் தொங்கவிட்டிருந்தான்.

"தம்பி, இது என் எடம்."

"எடம் இன்னா உன் பேர்லயா எழுதிக் கீது பாய்? நான் வந்தப்ப காலியாத்தான் கெடந்துச்சு. பை தைக்கிறவரு எங்கன்னு வர்றவன்லாம் என்னத்தான் கேட்டான். இப்ப ஒருத்தனும் கேக்கறதில்ல."

கோபமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னான். பின்னால் யாரோ உறை பார்க்க வந்து நின்றார்கள்.

"கொஞ்சம் அப்பால நில்லு பாய், கஸ்டமருக்கு மறைக்குது."

அத்தாவுல்லா ஒதுங்கினார். மிஷினை எங்கே இறக்கி வைப்பதென்று தெரியவில்லை. தோள் மாற்றிக்கொண்டு நின்றார்.