உரக்கச் சொன்ன பாஸ்வேர்டு

இதை எழுத எனக்குத் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை. பத்தாம் வகுப்பும் டைப்ரைட்டிங் லோயரும்தான் என் படிப்பு. கம்ப்யூட்டர் பாதுகாப்பு பற்றிப் படித்தவர்கள் பெரிய பெரிய கட்டுரைகள் எழுதுகிறார்கள். அந்த விஷயத்தில் நான் வாய் திறப்பது அதிகப்பிரசங்கித்தனம்தான், வாசகர்கள் மன்னிக்க வேண்டும். எங்கள் ஆபீசின் கம்ப்யூட்டர்களைக் காக்க வந்த ஒரு மனிதருக்கு நடந்ததை யாராவது எழுதுவார்கள் என்று இத்தனை வருடம் பார்த்தேன். யாரும் எழுதவில்லை.

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் நடந்தது. திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகும் சாலையில் ஒரு கண்டெய்னர் யார்டில் எனக்கு வேலை. துறைமுகத்தில் இறங்கும் பெட்டிகளை ட்ரெய்லர் லாரிகளில் கொண்டுவந்து எங்கள் யார்டில் அடுக்குவார்கள். சரக்குக்குச் சொந்தக்காரர் வரியெல்லாம் கட்டி, உரிய காகிதங்களோடு ஏஜென்டை அனுப்பினால், பெட்டி வெளியே போக நாங்கள் கேட் பாஸ் போட்டுக் கொடுப்போம். முதலில் அதை டைப்ரைட்டரில் அடித்துக்கொண்டிருந்தேன். பிறகு கம்ப்யூட்டர் வந்தது. டைப்ரைட்டரை எடுத்துவிட்டு, அதே நாற்காலியில் என்னைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரச் சொன்னார்கள்.

எங்கள் யார்டில் ஒரு பழக்கம் உண்டு. கண்டெய்னர் நம்பர் நீளமானது, எழுத்தும் எண்ணுமாக இருக்கும். ஒன்று மாறினாலும் ஒருவர் பெட்டி இன்னொருவர் லாரியில் ஏறிவிடும். அதனால் ஒருவர் நம்பரைச் சொன்னால், கேட்டவர் அதை உரக்கத் திருப்பிச் சொல்ல வேண்டும். "டி ஃபார் டெல்லி, பி ஃபார் பாம்பே" என்று நாள் முழுக்க ஆபீசில் ஒரே கத்தல். ட்ரெய்லர் இரைச்சலில் கத்தினால்தான் காதில் விழும். போனில் மளிகைச் சாமான் சொல்லும்போதுகூட எனக்கு அப்படித்தான் வரும். என் இரண்டு பெண்களும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

ஒருமுறை வைரஸ் புகுந்து கம்ப்யூட்டர் எல்லாம் நின்றுபோனது. பெட்டிகள் நகராமல் லாரிகள் சாலையை அடைத்துக்கொண்டன. அப்போதுதான் முதலாளி கம்ப்யூட்டர் பாதுகாப்புக்கென்று ஒருவரை வேலைக்கு எடுத்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், முப்பது வயதுக்கு மேல் இருக்கும். ஆபீசில் எல்லாரும் அவருக்கு 'வைரஸ் சார்' என்று பேர் வைத்துவிட்டார்கள். அவரும் சிரித்துக்கொள்வார்.

அவர் கொண்டுவந்த முதல் விதி, ஆளுக்கு ஒரு பாஸ்வேர்டு, அதை யாருக்கும் சொல்லக்கூடாது என்பது. அதுவரை ஆபீஸ் முழுக்க ஒரே பாஸ்வேர்டுதான். இந்த விதி யாருக்கும் பிடிக்கவில்லை. யார்டு சூப்பர்வைசர் துறைமுகத்திலேயே வளர்ந்தவர், வாய் கொஞ்சம் நீளம்.

"ஹார்பர் பாஸையே மாத்தி மாத்திப் போட்டுகினு உள்ள போய் வந்தவங்க சார் நாங்க. தோஸ்து லீவு போட்டா அவன் பாஸ்ல நாம வேலை பாக்கலன்னா இன்னா மனுசன்?" என்றார்.

"அந்தப் பாஸ்ல உங்க போட்டோ இருக்கும் அண்ணாச்சி. இதுல முகம் தெரியாது. யாரு செஞ்சாலும் உங்க பேர்தான் விழும்."

"பேரு வுழுந்தா வுழுட்டும். பேருக்கு இன்னா அடியா படப்போவுது?"

எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

என் பாஸ்வேர்டை வைக்கச் சொல்லும்போது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "உங்க வீட்டுக்காரர் கேட்டாலும் சொல்லாதீங்க மேடம்" என்றார். என்னை மேடம் என்று கூப்பிட்ட ஒரே ஆள் அவர். மற்றவர்களுக்கு நான் எக்கா. ராயபுரத்தில் நாங்கள் இருந்த ஒண்டிக்குடித்தனத்தில் பீரோ சாவிகூட என்னிடம் கிடையாது. யாரும் கேட்க முடியாத, என்னுடையது என்று ஒன்று எனக்கு இருப்பது வேடிக்கையாகவும் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

ஒரு பெட்டியை வெளியே விட இரண்டு பேர் தனித்தனியாகச் சம்மதம் கொடுக்கிற மாதிரி மாற்ற வேண்டும் என்று அவர் மேனேஜரிடம் பலமுறை கேட்டார். வேலை தாமதமாகும் என்று மேனேஜர் மறுத்தார். வேறு எதையோ வாங்கிப் போடக் கேட்டார், அதற்கும் இல்லை. கேட்டுவிட்டு வரும்போதெல்லாம் தன் நாற்காலியில் சும்மா கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார்.

அந்த வருடம் அவருடைய அம்மா இறந்துபோனார். ஊருக்குப் போனார். அவர் அங்கே காரியத்தில் இருந்தபோது ஒரு காலை, கேட் பாஸ் போடும் திரை பூட்டிக்கொண்டது. அதைத் திறக்க சாருடைய பாஸ்வேர்டு வேண்டும், அது இருந்தால் கேட் பாஸில் எதையும் மாற்றலாம். கப்பல் வந்திருந்த நாள். லாரிகள் கேட்டுக்கு வெளியே வரிசையில் நிற்கின்றன. கவுன்டரில் ஏஜென்டுகளும் டிரைவர்களும் முண்டியடிக்கிறார்கள். மேனேஜர் என் மேஜைக்கு வந்து சாருக்குப் போன் போட்டார்.

அந்தப் பக்கம் பேசியது எனக்குக் கேட்கவில்லை. மேனேஜர் பேசியதுதான் கேட்டது. "போனை இந்தம்மாகிட்ட குடுக்கணுமா? எனக்குத் தெரியாம என் ஆபீஸ்ல ஒரு பாஸ்வேர்டா? நீ எங்கிட்ட சொல்லு" என்றார். கொஞ்ச நேரம் அதட்டினார். துக்க வீட்டில் இருக்கும் மனிதர் எத்தனை நேரம்தான் வாதாடுவார்?

பிறகு மேனேஜர் என்னைக் கம்ப்யூட்டரில் டைப் அடிக்கச் சொல்லி ஜாடை காட்டினார். "எம் ஃபார் மெட்ராஸ்... கே ஃபார் கேரளா..." என்று ஒவ்வொரு எழுத்தாக, கண்டெய்னர் நம்பர் சொல்கிற அதே குரலில் சொல்ல ஆரம்பித்தார். வேண்டுமென்று செய்தார் என்று நான் நினைக்கவில்லை. இருபது வருடப் பழக்கம், அவரால் எழுத்தை மெதுவாகச் சொல்லவே முடியாது. கவுன்டரில் அவ்வளவு பேர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். எனக்கு உடம்பு கூசியது.

"சார், மெதுவா..." என்று முனகினேன்.

"இன்னா, கேக்கலையா? மறுபடி சொல்றேன்" என்றவர், முதலிலிருந்து இன்னும் உரக்கச் சொன்னார்.

திரை திறந்தது. அந்தப் பாஸ்வேர்டை உடனே மாற்றிவிடச் சொல்லி சார் போனில் கெஞ்சியிருக்க வேண்டும். "நீ வந்து மாத்திக்கோ. நடுவுல திரும்ப மாட்டிகிச்சுன்னா உன்னை எங்க தேடறது?" என்று மேனேஜர் போனை வைத்துவிட்டார்.

சார் மொட்டைத் தலையோடு திரும்பி வந்தார். பையைக்கூடக் கீழே வைக்காமல் முதலில் பாஸ்வேர்டை மாற்றினார். தான் இல்லாத நாட்களில் வெளியே போன பெட்டிகளை எல்லாம் ஒருமுறை சரிபார்க்க வேண்டும் என்று மேனேஜரிடம் கேட்டார். "எழவு வீட்லேருந்து வந்திருக்க. இங்கயும் எழவு தேடாத" என்று பதில் வந்தது. அவர் பையைக் கீழே வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்.

சில நாள் கழித்து ஒரு கம்பெனியின் ஏஜென்ட், செம்புக் கம்பி இருந்த ஒரு பெட்டியை எடுக்க வந்தார். காகிதங்கள் எல்லாம் சரி. யார்டில் பெட்டி இல்லை. கம்ப்யூட்டரில் பார்த்தால், சார் ஊரில் இருந்தபோதே அது முறைப்படி வெளியே போயிருந்தது. பழைய பெயர் அழிக்கப்பட்டு வேறு பெயருக்கு கேட் பாஸ் போடப்பட்டிருந்தது. மாற்றியவர் என்ற இடத்தில் சாருடைய பேர் இருந்தது. கொண்டுபோன லாரியின் நம்பர் பொய். கடைசிவரை ஆள் அகப்படவில்லை.

முதலாளி எங்களை எல்லாம் தன் அறைக்குக் கூப்பிட்டார். மப்டியில் ஒரு போலீஸ்காரரும் இருந்தார். தான் ஊரில் இருந்ததைச் சார் சொன்னார். "ஆள் வெச்சு செஞ்சிருக்கலாமே. கம்ப்யூட்டர் பொய் சொல்லாது" என்றார் மேனேஜர். மேனேஜர் போன் பேசிய அன்று சூப்பர்வைசர் கவுன்டர் பக்கத்தில்தான் நின்றிருந்தார். கேட்டபோது, தான் யார்டில் இருந்ததாகச் சொல்லிவிட்டார்.

நான் கூட்டத்தில் பேசி அறியாதவள். கல்யாண வீட்டில்கூட ஓரமாக உட்கார்ந்துவிட்டு வருகிறவள். அன்று எப்படியோ வாயைத் திறந்துவிட்டேன். மேனேஜர் போன் போட்டதையும், பாஸ்வேர்டை உரக்கச் சொன்னதையும், கவுன்டரில் ஆட்கள் நின்றதையும், நடந்தபடியே சொன்னேன்.

மேனேஜர் கொஞ்சமும் தயங்கவில்லை. "போன் போட்டது நான்தான் சார். போட்டு இந்தம்மா கையில குடுத்தேன். பாஸ்வேர்டு இவங்ககிட்டதான் சொன்னாரு" என்றார்.

முதலாளி என்னைப் பார்த்தார். "எதுவரைக்கும் படிச்சிருக்கே?" என்று கேட்டார். சொன்னேன். "எப்படிப் பார்த்தாலும் அந்தப் பாஸ்வேர்டு உனக்கும் தெரியும்" என்றார். போலீஸ்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். என் கணவர் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

அப்போது சார் பேசினார். "நான் போன்ல பேசுனப்ப மேடம் சீட்லயே இல்ல சார். அவங்களுக்குப் பாஸ்வேர்டு தெரியாது. என் மேல உள்ள பரிதாபத்துல இப்படிச் சொல்றாங்க. யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு விதி போட்டவன் நான். அது வெளிய போயிருந்தா பொறுப்பு என்னோடது" என்றார்.

மேனேஜர் உடனே, "ஆமாமா, இப்பதான் ஞாபகம் வருது. இந்தம்மா டீ குடிக்கப் போயிருந்தாங்க" என்றார்.

அவ்வளவுதான், விசாரணை முடிந்தது. என் வாழ்க்கையில் நாலு பேர் முன்னால் தைரியமாகச் சொன்ன ஒரே உண்மை, யாருக்காகச் சொன்னேனோ அவராலேயே பொய்யாகிப் போனது. அவரை அன்றே வேலையிலிருந்து நீக்கினார்கள்.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தார். வரிசையாகப் போன ட்ரெய்லர்களின் புழுதியில் இருவரும் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றோம். எனக்கு நன்றி சொல்லத் தோன்றவில்லை, கோபம்தான் வந்தது. "என்னை ஏன் சார் பொய்க்காரி ஆக்கினீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"நீங்க சொன்னதால அவங்க என்னை விடப்போறதில்ல மேடம். உங்களையும் சேர்த்துப் பிடிப்பாங்க. உங்களுக்கு ரெண்டு பொண்ணு" என்றார். பிறகு ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஒண்ணும் நடக்கலைன்னா, இவனுக்கு எதுக்கு சம்பளம்னு கேப்பாங்க. நடந்துட்டா, இவன் என்னத்தப் பார்த்தான்னு கேப்பாங்க. எங்க வேலையே அதுதான்."

பஸ் வந்தது. கூட்டத்தில் அவர் முன்பக்கம் ஏறினார், நான் பின்பக்கம் ஏறினேன். ராயபுரத்தில் இறங்கும்போது அவரைக் காணவில்லை.

போலீஸ் அவரைப் பலமுறை கூப்பிட்டு அலைக்கழித்தது. அவர் மேல் எதுவும் நிரூபணம் ஆகவில்லை. ஆனாலும் அவருக்கு அந்த வேலை வேறு எங்கும் கிடைக்கவில்லை என்று சூப்பர்வைசர் ஒருநாள் என்னிடம் வந்து சொன்னார். வேலை கேட்டுப் போகிற இடத்திலிருந்தெல்லாம் எங்கள் ஆபீசுக்குத்தான் போன் போட்டு விசாரிப்பார்கள். போனை எடுப்பவர் எங்கள் மேனேஜர். "பாவம்க்கா அந்த ஆளு, நல்ல மனுசன்" என்றார் சூப்பர்வைசர். நான் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். இதை அன்று அந்த அறையில் சொல்லியிருக்கலாமே என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. கேட்டு என்ன ஆகப் போகிறது?

மேனேஜர் பின்னாளில் நல்லபடியாக ஓய்வு பெற்றார். மாலை போட்டு அனுப்பினோம்.

இப்போது என் செல்போனில் வாரம் ஒருமுறை பேங்கிலிருந்து செய்தி வருகிறது: உங்கள் ரகசிய எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள். படித்தவர், படிக்காதவர், எல்லாரும் இன்று அதைச் சொல்கிறார்கள். எங்கள் ஆபீசில் அதை முதலில் சொன்னவரை நாங்கள் கேலி செய்தோம், பிறகு திருடன் என்று அனுப்பிவைத்தோம். காவலுக்கு வைத்த ஆளின் பேச்சைக் கேட்காமல் இருந்துவிட்டு, களவு போனதும் அவனையே பிடித்துக் கட்டுகிற ஊரில்தான் நானும் சம்பளம் வாங்கி என் பெண்களைக் கரையேற்றினேன் என்ற கசப்பு எனக்கு இன்னும் போகவில்லை.

சாரை அனுப்பிய மறுநாள் காலை, கேட்டில் கூடுதலாக ஒரு வாட்ச்மேனைப் போட்டார்கள். அவருக்கு ஒரு விசிலும் டார்ச் லைட்டும் கொடுத்தார்கள்.