பத்து மணி வாளி

டாவோஸுக்கு மேலே ஒரு ஹோட்டலின் பின்சரிவில், ஈரப் புல்லில் இரண்டு மணி நேரமாகக் குப்புறக் கிடக்கிறேன். காட்டு மிருகங்களை அவற்றின் இயல்பிலேயே படமெடுக்கலாம் என்ற ஹோட்டல் விளம்பரத்தை நம்பி லண்டனிலிருந்து வந்தவன் நான். கடைசியில் ஒரு மார்மொட், பூனையளவு பருத்த அணில் போன்றது, வளையிலிருந்து தலையை நீட்டுகிறது. அந்த நேரம் பார்த்து ஏப்ரன் கட்டிய ஒருவர் வாளியோடு குறுக்கே வருகிறார்.

"ஐசே, அங்கால விலகும்!" ஆத்திரத்தில் தமிழிலேயே கத்திவிடுகிறேன்.

"நான் விலகினா இதுகள் வராது, அண்ணை," என்று தமிழிலேயே பதில் வருகிறது. வாளியில் இரண்டு தட்டுத் தட்டுகிறார். ஏழு மார்மொட்டுகள் ஓடிவந்து அவருடைய கால் சப்பாத்தைச் சுற்றி நிற்கின்றன. "குசினியில சமைக்கேக்க மிஞ்சுற கரட்டுத் தோல். ஒவ்வொரு நாளும் பத்து மணிக்குப் போடச் சொல்லி முதலாளியின்ர ஓடர்."

"இதையோ காட்டு மிருகம் எண்டு விளம்பரம் போடுறாங்கள்?" எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. "இண்டைக்கே உங்கட முதலாளியை நிக்க வச்சுக் கேக்கிறன்."

"கேளுங்கோ. முந்தநாள் வந்தவரும் இப்பிடித்தான் கொதிச்சவர். பிறகு, நாளைக்கு இன்னும் கொஞ்சம் கிட்டப் போடுங்கோ எண்டு சொல்லிப்போட்டுப் போனவர்."

முந்தநாள் வந்த அந்த ஆளை வெட்கங்கெட்ட மனிதர் என்று திட்ட வாயெடுக்கிறேன். கண் கமராத் திரையில் விழுகிறது. மார்மொட் ஒன்று தெளிவாக நிற்கிறது. வாளியும் சப்பாத்தும் படத்தில் விழாதபடி, பேச்சோடு பேச்சாக நான் கமராவைத் திருப்பி வைத்திருக்கிறேன்.