நைரோபியில் நான் கொடுத்த வாழைப்பழம்

1961 ஆகஸ்டு, வெள்ளிக்கிழமை காலை. புதுச்சேரியில் ரயிலேறிப் பம்பாய், பம்பாயில் கப்பலேறி மொம்பாசா, அங்கிருந்து முந்நூற்று முப்பது மைல் மறுபடியும் ரயில் என்று ஒருவழியாக நைரோபியில் இறங்கினேன். ஆப்பிரிக்கா என்றால் வெயில் கொளுத்தும் என்று நம்பி, எங்கள் ஊர் கருவடிக்குப்பத்தில் உடுத்தும் மெல்லிய நூல்புடவைகளை மட்டும் கொண்டுவந்திருந்தேன். பிளாட்பாரத்தில் பல் தந்தியடித்தது. அங்கே ரயில்வே ஆபீசில் குமாஸ்தாவாக இருக்கும் என் தம்பி சேகர், தன் கோட்டைக் கழற்றி எனக்குப் போர்த்திவிட்டுச் சிரித்தான்.

"பூகோளம் நடத்தற டீச்சரு நீ. இந்த ஊரு மேட்டுல இருக்கறது தெரியாதாக்கா?"

மானம் போயிற்று. அது வெறும் ஆரம்பம் என்று அப்போது தெரியவில்லை.

சனிக்கிழமை காலை மியூசியத்துக்குப் போனோம். ஆதி மனிதர்கள் செதுக்கிய கல் கோடரிகள், ஈட்டிகள், தோல் கேடயங்கள், பெரிய பெரிய முரசுகள். அடுத்த கூடத்தில் கண்ணாடிக்குப் பின்னால் பாடம் செய்த மிருகங்கள் நின்றன. உயிரோடு இருப்பது போலவே முறைத்தன. ஒவ்வொன்றின் காலடியிலும் ஓர் அட்டை: பெயர், கிடைத்த இடம், தேதி.

"எப்பிடிச் செத்துச்சுன்னு ஒண்ணுத்துலயும் போடலியே?" என்றேன்.

"வேற எப்பிடி? சுட்டுத்தான்" என்றான் சேகர்.

எனக்குக் கோபம் வந்தது. வாயில்லா ஜீவனைச் சுட்டுவிட்டுக் கண்ணாடிப் பெட்டி ஒரு கேடா என்று வாசல்வரை பொரிந்து தள்ளினேன்.

பகல் இரண்டு மணிக்கு வாடகைக் காரில் தேசிய வனப் பூங்காவுக்குக் கிளம்பினோம். நகரிலிருந்து நாலே மைல். டிரைவர் கமாவு அந்த நாட்டுக்காரர். அவர் சொல்வதைச் சேகர் எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தான். வாசலிலேயே பலகை: காரைவிட்டு இறங்காதீர், மிருகங்களுக்குத் தீனி போடாதீர். நன்றாகவே படித்தேன்.

புல்வெளியில் சிங்கங்கள் நம் தெரு நாய்களைப் போல நீட்டிப் படுத்துக் கிடந்தன. ஐந்து எண்ணினேன். தூரத்தில் நைரோபிக் கட்டடங்கள், அவற்றுக்கு முன்னால் ஒட்டகச் சிவிங்கிகள். கமாவு காரை நிறுத்தி, கையை வீசிக் காட்டி ஏதோ சொன்னார்.

"வெள்ளக்காரன் போனப்புறம் இதெல்லாம் எங்க புள்ளைங்களுக்குத்தான்னு சொல்றாரு" என்றான் சேகர்.

மரங்கள் அடர்ந்த ஒரு திருப்பத்தில் குரங்குக் கூட்டம் வந்தது. நாய் மூஞ்சி, கன்றுக்குட்டி உயரம். எனக்குச் சனிக்கிழமை விரதம். ஆஞ்சநேயர் நாளில் குரங்கைக் கண்டும் வெறுங்கையாக அனுப்பினால் சோறு இறங்காது. செஞ்சிக் கோட்டைக்குப் போனால் குரங்குகள் என் கையிலிருந்தே வாங்கித் தின்னும். மடியில் கூடை, கூடையில் வாழைப்பழம். கண்ணாடியை இறக்கினேன்.

"வாணாம்க்கா! கண்ணாடிய ஏத்து!" என்று சேகர் கத்துவதற்குள் பெரிய கடுவன் குரங்கு ஒன்று பழத்தைப் பறித்துவிட்டது. கன்னத்தில் போட்டுக்கொண்டேன். புண்ணியம் சேர்ந்த திருப்தி எனக்கு.

அது மேலும் கேட்டு உறுமியது. பின்னால் நின்ற காரில் ஒரு சின்னப் பெண் ரொட்டித் துண்டோடு கையை வெளியே வைத்திருந்தாள். கடுவன் அங்கே தாவி அவள் மணிக்கட்டைக் கடித்துவிட்டது. அந்த அலறல் கேட்டு ஜீப்பில் காவலர் வந்தார், தோளில் துப்பாக்கி.

யார் தீனி போட்டது என்று கமாவைக் கேட்டார். கமாவு தலைக்கு மேலிருந்த சின்னக் கண்ணாடியில் பின்சீட்டிலிருந்த என்னைப் பார்த்தார். நான் கூடையைக் காலால் சீட்டுக்கு அடியில் தள்ளினேன். பார்க்கவில்லை என்று தலையாட்டினார் கமாவு.

"கைத்தீனிக்குப் பழகி, ஆளக் கடிச்சதை இனிமே விட்டுவைக்க மாட்டாங்களாம்" என்றான் சேகர், என் முகத்தைப் பார்க்காமல்.

நாங்கள் திருப்பத்தைத் தாண்டுவதற்குள் வெடிச் சத்தம் ஒன்று கேட்டது. மேய்ந்துகொண்டிருந்த மான்கள் தலை தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் குனிந்தன.

வீட்டு வாசலில் இறங்கியதும் கமாவிடம் கேட்கும்படி சேகரிடம் சொன்னேன்: "நான்தான் குடுத்தேன்னு சொல்லியிருந்தா அத விட்டிருப்பாங்களா?"

கமாவு யோசித்துப் பதில் சொன்னார். சேகர் தயங்கினான்.

"விட்டிருக்க மாட்டாங்களாம். ஆனா அவரு பொய் சொல்ல வேண்டியிருந்திருக்காதாம்."

மன்னிப்புக் கேட்க அவர் மொழியில் ஒரு வார்த்தைகூட எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் கேட்டிருப்பேனா என்பது சந்தேகம். இரண்டு வாரம் கழித்து மொம்பாசாவில் கப்பலேறும்போது மற்றவர்கள் கரையைப் பார்த்துக் கையசைத்தார்கள். நான் அறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டேன்.

பள்ளிக்கூடம் திரும்பிய முதல் நாள் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். எத்தனை சிங்கம் என்றார்கள். ஐந்து என்றேன். நாய் மூஞ்சிக் குரங்கைப் பற்றியும் சொன்னேன்: பெயர், பார்த்த இடம், தேதி. மியூசியத்து அட்டை அளவுக்குத்தான்.

முதல் பெஞ்சில் ஒருத்தி எழுந்தாள். "அது இப்ப இன்னா பண்ணிக்கினு இருக்கும் டீச்சர்?"

கரும்பலகையைத் துடைக்கத் திரும்பிக்கொண்டேன். அதில் ஓர் எழுத்துகூட இல்லை.