பீரோவுக்குள் இருந்த பூதக்கண்ணாடி

போன வாரம் சர்க்கரை பார்ப்பதற்காகக் கும்பகோணத்தில் ஒரு சின்ன கிளினிக்குக்குப் போயிருந்தேன். நர்ஸ் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து என் கையில் தேய்த்தாள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் என் முகம் எப்படியோ போயிருக்க வேண்டும். “என்னம்மா, ஊசின்னா பயமா?” என்று கேட்டாள்.

“பயமெல்லாம் இல்லம்மா, கோவம்” என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டே ரத்தம் எடுத்தாள். ஸ்பிரிட் வாசனைக்கு மயங்கி விழுகிறவர்கள் உண்டு. கோபப்படுகிற பைத்தியம் இந்த ஜில்லாவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் நர்ஸின் மகள், யூனிஃபார்மைக்கூட மாற்றாமல், மறுநாள் பரீட்சைக்குச் சயின்ஸ் உருப்போட்டுக்கொண்டிருந்தாள். அவள் முணுமுணுத்தது காதில் விழ விழ, கோபம் தணிவதற்குப் பதிலாக ஏறியது. ஏன் என்று உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது.

நான் படித்தது மாயவரம் பக்கத்தில் ஒரு ஊராட்சி ஒன்றியப் பள்ளி. ஓட்டுக் கட்டடம், ஒரே கூடம். ஒன்றாம் வகுப்பு ‘அணில் ஆடு’ சொல்லும்போது ஐந்தாம் வகுப்பு ‘அசோகர் மரம் நட்டார்’ என்று கத்தும். நடுவில் இருக்கிற எங்களுக்கு அணில் மரம் நட்டதாகக் காதில் விழும். கழக ஆட்சி வந்த புதிது. சுவரில் பழைய படங்களைக் கழற்றிப் புதுப் படங்கள் மாட்டியிருந்தார்கள். அப்போதுதான், நான் இரண்டாம் வகுப்பில் இருக்கும்போது, ஒன்றிய அலுவலகத்து ஜீப்பில் அந்தப் பெட்டி வந்து இறங்கியது. பச்சைப் பெயின்ட் அடித்த மரப்பெட்டி. மேலே ‘அறிவியல் சாதனங்கள்’ என்று வெள்ளை எழுத்து.

பெட்டிக்கு மாலை போட்டார்கள். நான் வேடிக்கையாகச் சொல்லவில்லை, நிஜமாகவே மாலை போட்டார்கள். கறுப்பு சிவப்புக் கரைத் துண்டு போட்ட ஒன்றியத் தலைவர், “இந்தப் பெட்டியிலிருந்து நாளைய விஞ்ஞானிகள் வருவார்கள்” என்று மைக்கில் முழங்கினார். விஞ்ஞானிகள் இருக்கட்டும், பெட்டிக்குள் இருந்த சாமான்களே வெளியே வரவில்லை. மாலை வாடுவதற்குள் பெரிய சார் அதைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டி, சாவியைத் தன் அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டார்.

பெரிய சார் என்பது எங்கள் தலைமையாசிரியர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். உடைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்ற பயம் அவருக்கு. பிள்ளைகள் கை பட்டால் சாமான் உடையும், ஆகையால் பிள்ளைகள் கை படக் கூடாது. அவர் போட்ட கணக்கில் தப்பே இல்லை. பிள்ளைகளுக்காக வந்த பெட்டி என்பதை மட்டும் கழித்துவிட்டார்.

வருஷத்துக்கு ஒரு தரம் சாமான் சரிபார்க்கிற நாள் வரும். கூடத்தின் குறுக்கே சாக்பீஸால் ஒரு கோடு போடுவார். நாங்கள் கோட்டுக்கு இந்தப் பக்கம். அந்தப் பக்கம் மேஜை. ஒவ்வொன்றாக எடுத்து, துடைத்து, தூக்கிக் காட்டுவார். தராசு. காந்தம். முகம் பெரிதாகத் தெரியும் குழி ஆடி. வெப்பமானி. கண்ணாடிக் குவளை. பித்தளை மூடி போட்ட ஸ்பிரிட் விளக்கு. ஸ்பிரிட் புட்டியைத் திறந்து அதன் வாயை மோந்து பார்த்து, ஆவியாகவில்லை என்று திருப்திப்படுவார். அந்த வாசனை கோட்டைத் தாண்டி எங்களிடம் வந்துவிடும். அதைத் தடுக்க அவரால் முடியவில்லை. கடைசியில் கறுப்புப் பிடி போட்ட பூதக்கண்ணாடி. ஒரு வருஷம் பண்ணை வீட்டுப் பையன் கையை நீட்டினான், அவனிடம் மட்டும் ஒரு நிமிஷம் கொடுத்தார். அவன் தன் கைரேகையைப் பார்த்துவிட்டு “ஐயே” என்று திருப்பிக் கொடுத்தான்.

என் பக்கத்தில் நின்ற அஞ்சலையின் கட்டைவிரல் அன்றைக்குக் கோட்டின் மேலேயே இருந்தது. அவள் வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துக் கூலிக்காரத் தெருப் பெண். அவள் அப்பா பண்ணையில் வேலை, சிவப்புக் கொடிச் சங்கத்தில் முன்னால் நிற்கிறவர். நான் கடைத்தெருவில் தையல் மெஷின் போட்டிருந்தவரின் மகள். அவள் கேள்வி கேட்பாள், நான் பின்னால் நின்று சிரிப்பேன், இரண்டு பேரும் சேர்ந்து அடி வாங்குவோம். எங்கள் சிநேகம் அப்படி.

பெட்டி பூட்டிக் கிடந்தால் பாடம் எப்படி நடந்தது என்கிறீர்களா? பேஷாக நடந்தது. ஒவ்வொரு சோதனைக்கும் செய்முறை, காண்பது, அறிவது என்று மூன்று பகுதி. மூன்றையும் ராகம் போட்டுச் சொல்ல வேண்டும். “எரியும் மெழுகுவத்தியைக் கண்ணாடிக் குவளையால் மூடுக. சிறிது நேரத்தில் மெழுகுவத்தி அணைவதைக் காண்கிறோம். எரிவதற்குக் காற்று தேவை என அறிகிறோம்.” அந்தக் ‘காண்கிறோ...ம்’ என்பதைக் கூடமே அதிர இழுப்போம். எதிரே ஒன்றும் இருக்காது. கரும்பலகைகூடக் காலியாக இருக்கும்.

கணக்கும் அதே லட்சணம்தான். ஒரு தொட்டியை ஒரு குழாய் நிரப்புமாம், இன்னொரு குழாய் காலி செய்யுமாம். எங்கள் ஊரில் எவர் வீட்டிலும் குழாயே கிடையாது. வாய்க்கால் மதகைத் திறந்தால் எந்த வயல் முதலில் நிரம்பும் என்று வாசலுக்கு வெளியே கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் குழாயைப் படத்தில் பார்த்து விடை சொன்னோம். ஆயிரம் கிராம் ஒரு கிலோகிராம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வோம். தராசும் எடைக்கற்களும் பீரோவுக்குள் தூங்கின. இதைப் படிப்பு என்று சொன்னவர்களை இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மூன்றாம் வகுப்பில் ஒருநாள், எல்லோரும் ‘காண்கிறோம்’ என்று இழுத்து முடித்ததும் அஞ்சலை எழுந்தாள். “எப்ப சார் நாம பாக்குறது?” என்று கேட்டாள்.

பெரிய சார் அரைஞாண் சாவியைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு, “அஞ்சாப்பு வா, காட்டுறேன்” என்றார்.

அதுவரை பொறுக்க முடியாமல் நாங்களே ஒரு திருட்டு வேலை செய்தோம். எங்கள் அத்தா தையல் கடையில் பொத்தான் போட்டு வைக்கும் கண்ணாடிப் புட்டியைக் கடைக்குப் பின்னால் கொண்டுபோய், பொத்தான்களைக் கொட்டிவிட்டு, எரிகிற மெழுகுவத்தி மேல் கவிழ்த்தோம். சுடர் குறுகியது, நீலமானது, போயே போய்விட்டது. அஞ்சலை கூவினாள் பாருங்கள், கடைத்தெருவே திரும்பியது. மெழுகுவத்தி உருகித் தீரும்வரை கொளுத்திக் கொளுத்தி அணைத்தோம். மறுநாள் ஓடிப்போய்ச் சாரிடம் சொன்னோம். “அதெல்லாம் வெளையாட்டு. சோதனைங்கறது சாதனத்த வச்சுச் செய்யறது. போய் உக்காரு” என்றார். அரசாங்கக் குவளையில் அணைந்தால்தான் அது அணைந்ததாகக் கணக்கு போலிருக்கிறது.

குவளைக்குப் பதில் புட்டி கிடைத்தது. பூதக்கண்ணாடிக்குப் பதில் எதைத் தேடுவது? அஞ்சலைக்கு அதுவே ஏக்கமாகிவிட்டது. எறும்புக்குக் கண் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும் அவளுக்கு. வீட்டிலோ அவள் அம்மா, தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, பள்ளிக்கூடம் போனது போதும் என்று தினம் சண்டை. “அஞ்சாப்பு வரைக்கும் வுடும்மா. அதுக்கப்பறம் நீ சொல்றபடி கேக்குறேன்” என்று அழுது அடம்பிடித்து வந்துகொண்டிருந்தாள். ஒரு சாமானைக் கையில் வாங்கிப் பார்ப்பதற்காக ஒரு பெண் பள்ளிக்கூடத்தையே பிடித்துக்கொண்டு தொங்கினாள். எந்த வாத்தியாருக்காவது இதைவிட நல்ல மாணவி கிடைப்பாளா, நீங்களே சொல்லுங்கள்.

ஐந்தாம் வகுப்பும் வந்தது. தை மாசம், சம்பா அறுப்பு. கூலி நெல்லை உயர்த்திக் கேட்டுச் சங்கத்துக்காரர்கள் அரிவாளைக் கீழே வைத்தார்கள். பண்ணையார்கள் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள். அவர்களுக்குக் காவலாக ரிசர்வ் போலீஸ் வந்தது. போலீஸ் தங்க ஊரில் தோதான இடம் எது? பள்ளிக்கூடம்தான். பெட்டிக்கு மாலை போட்ட அதே ஒன்றியத் தலைவர்தான் போலீசுக்குப் பாயும் அண்டாவும் ஏற்பாடு செய்தார். ஏழைகளின் ஆட்சி என்று மைக்கில் சொன்னவரும் அவரேதான்.

எங்களைக் குளத்தங்கரைப் புங்கமரத்தடிக்கு விரட்டினார்கள். பலகைகளை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். ஏட்டு ஒருவர் பீரோவைத் தட்டி, “இத காலி பண்ணிக் குடு வாத்தியாரே, துப்பாக்கி வெக்கணும்” என்றார். பெரிய சார் அரைஞாணிலிருந்து அவசர அவசரமாகச் சாவியை அவிழ்த்து, இரண்டு கையாலும் நீட்டினார். எங்களுக்கு வருஷக்கணக்காக அவிழாத முடிச்சு.

பெட்டி வெளியே வந்தது. யாரும் கோடு போடவில்லை. நாங்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். ஸ்பிரிட் விளக்கில் ஏட்டுக்கு டீ கொதித்தது. தெருவெல்லாம் அந்த வாசனை. குவளையில் டீ ஆறியது. தராசுத் தட்டில் பீடிச் சாம்பல். குழி ஆடியை ஜன்னலில் சாய்த்துவைத்து ஒரு போலீஸ்காரர் சவரம் செய்தார், பூசணிக்காய் அளவுக்குத் தெரிந்த தன் முகத்தைப் பார்த்துத் தானே சிரித்தார். வெப்பமானி உடைந்து, பாதரசம் குண்டு குண்டாகத் தரையில் ஓடியது. அறிவியல் சாதனம் என்ன செய்யும் என்று எங்களுக்குக் காட்டியவர்கள் இவர்கள்தான். அப்படியும் எங்களால் சிரிக்காமல் இருக்க முடியவில்லை, குழந்தைகள்தானே.

பூதக்கண்ணாடியை ஏட்டு வைத்துக்கொண்டார். வெயிலில் பிடித்துப் பீடி பற்றவைத்தார். புள்ளியாக வெளிச்சம் குவிந்து, புகைந்து, கங்கு பிடித்ததும் அஞ்சலை வாயைப் பிளந்தாள். அவர் அதைப் பார்த்துவிட்டார். ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “வேணுமா பாப்பா? வா, காட்டுறேன்” என்றார்.

அஞ்சலை கம்பிக்குள் கையை நீட்டினாள். அவர் கண்ணாடியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தார். “நீ யாரு பொண்ணுன்னு எனக்குத் தெரியும். உங்கப்பன் எங்க இருக்கான்னு மட்டும் சொல்லு. இத நீயே வச்சுக்க.”

அவள் அப்பா சங்கத்து ஆட்கள் நாலைந்து பேரோடு தலைமறைவாக இருந்தார். எங்கே என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும், அவள் என்னிடம் எதையும் மறைத்ததில்லை. அவள் கை கம்பிக்குள்ளேயே இருந்தது. விரல் நுனிக்கும் அந்தக் கறுப்புப் பிடிக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை.

பிறகு கையை இழுத்துக்கொண்டாள். “தெரியாது” என்றாள். இரண்டடி போய்விட்டுத் திரும்பி, “அது எங்க பள்ளிக்கூடத்துக் கண்ணாடி” என்றாள். ஏட்டு சிரித்தார். வழியெல்லாம் அவள் அழுதாள். நானும் அழுதேன். பத்து வயசுப் பெண்ணிடம் இப்படி ஒரு பேரம் பேச எந்த மனுஷனுக்கு வாய் வரும்? இத்தனை வருஷமாகியும் எனக்கு ஆறவில்லை.

அறுப்பு முடிந்து போலீஸ் லாரி கிளம்பியபோது பூதக்கண்ணாடியும் ஏட்டின் சட்டைப்பையில் கிளம்பிவிட்டது. மிச்சமிருந்ததைப் பெரிய சார் பொறுக்கிப் பெட்டியில் போட்டார். சாமான்கள் எல்லாம் கரையான் அரித்து வீணானதாக அறிக்கை போயிற்று. கண்ணாடியையும் காந்தத்தையும் தின்கிற கரையான் தஞ்சாவூர் ஜில்லாவில்தான் உண்டு.

பங்குனியில் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்தார். மெழுகுவத்திச் சோதனையைக் கேட்டார். ராகத்தோடு சொன்னோம். “பேஷ். இதெல்லாம் நேர்ல பாத்தீங்களா?” என்று கேட்டார். பெரிய சார் எங்களையே பார்த்தார். கூடம் முழுக்க, “பார்த்தோம் சார்!” என்றது. அஞ்சலை மட்டும் எழுந்து நின்று, “பூதக்கண்ணாடிய போலீசு காட்டுனாங்க சார். எங்க சார் இன்னும் காட்டல” என்றாள்.

இன்ஸ்பெக்டர் பேனா மூடியைத் திருகிக்கொண்டே, “உக்காரும்மா” என்றார். பெரிய சார் அவளை அடிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

பரீட்சை முடிந்ததும் அஞ்சலை நின்றுவிட்டாள். நான் ஆறாம் வகுப்புக்கு அடுத்த ஊருக்கு நடந்தபோது அவள் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வரப்பில் நின்றாள். “வரலியாடி?” என்றேன். “அதான் அஞ்சாப்பு முடிஞ்சிட்டே” என்றாள். பிறகு திருவையாறு பக்கம் கட்டிக்கொடுத்ததாகக் கேள்விப்பட்டேன். அவளை நான் திரும்பப் பார்க்கவே இல்லை. பள்ளிக்கூடத்தையும் பிள்ளைகள் வரவில்லை என்று மூடி, ஓட்டைப் பிரித்துவிட்டார்கள். போன தடவை போனபோது புங்கமரம்கூட இல்லை.

பஞ்சில் ரத்தம் நின்றுவிட்டது. பக்கத்தில் நர்ஸின் மகள் கண்ணை மூடிக்கொண்டு, “அப்சர்வேஷன், த கேண்டில் கோஸ் அவுட். அப்சர்வேஷன், த கேண்டில் கோஸ் அவுட்” என்று ஆடிக்கொண்டிருந்தாள்.

“அணையறத பாத்தியா பாப்பா?”

“எத பாட்டி?”

“மெழுகுவத்திய.”

“இல்ல. புக்குலயே போட்ருக்கே.”

“ஒங்க ஸ்கூல்ல லேப் இல்லியா?”

“சூப்பரா இருக்கு, ஏசி போட்ருக்காங்க. அட்மிஷன் அப்ப எங்கம்மாவுக்குக் காட்டுனாங்க.”

“எப்ப மிஸ் நாம பாக்குறதுன்னு ஒங்க கிளாஸ்ல ஒருத்தர்கூடக் கேக்கலியா?”

அந்தப் பெண் என்னைப் பாவமாகப் பார்த்தாள். “எதுக்குப் பாட்டி கேக்கணும்? ஆன்சர்தான் தெரியுமே” என்றாள்.